நெஞ்சு நோகிறது, ஈசிஜியில் ஒன்றுமில்லை: இனி எங்கே போவது?

சித்தியின் கிளினிக் கொப்பிகள் ஒரு சொப்பிங் பையில் கிடக்கின்றன. மொத்தம் ஐந்து. நெஞ்சு இறுக்கத்துக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, முதுகு நோவுக்கு ஒன்று, வயிற்று எரிவுக்கு ஒன்று, எதற்கென்று அவருக்கே நினைவில்லாத ஒன்று. கையெழுத்துகள்தான் வேறு, வரி ஏறக்குறைய ஒன்றே: ஈசிஜி சரி, எக்ஸ்ரே சரி, இரத்தம் சரி. வீட்டுக்கு வந்ததும் பையைச் சுவரில் கொழுவிவிட்டுச் சித்தி சொல்வார்: "ஒண்டும் இல்லையாம் பிள்ளை. ஆனா நோகுதே."

அவர் முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாழ்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டைக் கொண்டுபோனது. 2009இல் சித்தப்பாவை முள்ளிவாய்க்கால் மணலில் அவசரமாகப் புதைத்துவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். ஊர் திரும்பிக் கூரை போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கொப்பிகள் சேர ஆரம்பித்தன. ஓடுகிற காலம் முழுக்க அவருக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை என்பார்.

போன வருடம் வீட்டில் எல்லோரும் கூடி இதைப் பற்றிக் கதைத்தோம். கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பெரிய இதய நிபுணரிடம் காட்டவேண்டும் என்றார் பெரியப்பா. கனடாவில் இருக்கும் மச்சாள், இது மனவடு (ட்ரோமா), உளவளத்துணைதான் (கவுன்சலிங்) தேவை என்று தொலைபேசியில் அழுதாள். மாமி நேர்த்தி ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். மருந்தகத்தில் வேலை செய்யும் தம்பி, நித்திரைக் குளிசை கொடுத்தால் பாதி சரியாகும் என்றான். நான்கு பேரும் சித்திமேல் பாசம் உள்ளவர்கள். நான்கு பேர் சொன்னதிலும் ஏதோ ஒன்று சரியாக இருந்தது. எதை முதலில் செய்வது என்பதில்தான் சிக்கல்.

நான் வைத்தியன் இல்லை. அந்த முடிவுக்காகப் பல மாதம் வாசித்து, வைத்தியர்களையும் உளவளத்துணையாளர்களையும் கேட்டு அறிந்தவற்றை வைத்து, இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். இதே மாதிரி ஒரு சொப்பிங் பை உங்கள் வீட்டிலும் தொங்கினால் உதவும் என்று நம்புகிறேன்.

நோவு பொய்யில்லை

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "எல்லாம் யோசனைதான்" என்று சொல்லும்போது, நோவு கற்பனை என்பதுபோல ஒரு பொருள் ஒட்டிக்கொள்கிறது. உடம்புக்குள் நடப்பது அப்படியில்லை.

ஆபத்து வரும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், தசைகள் இறுகும். கோர்ட்டிசோல் சுரந்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். ஓடுவதற்கு இவையெல்லாம் வேண்டும். ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டியவை இவை. மனவடு ஆழமாக விழுந்தவருக்கு அந்த அடங்குதல்தான் கெட்டுப்போகிறது. பட்டாசுச் சத்தம், ஹெலிகொப்டர் இரைச்சல், மே மாத வெயில், ஏதாவது ஒன்று போதும், உடம்பு மறுபடியும் பங்கருக்குள் போய்விடும். கோர்ட்டிசோல் விஷயத்தில் ஒரு விசித்திரம்: நாட்பட்ட மனவடு உள்ளவர்களில் பலருக்கு அது கூடுதலாக இருப்பதற்குப் பதில் குறைந்திருப்பதை, யூதப் படுகொலையில் தப்பியவர்களையும் போர்வீரர்களையும் ஆராய்ந்த ரேச்சல் யெகூடா கண்டார். ஒழுங்குபடுத்தும் ஏற்பாடே குழம்பிவிடுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

பெருமூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் கிளினிக்கில் சொல்லும் முதல் முறைப்பாடே பல நேரம் அதுதான்: "ஒரே பெருமூச்சு வருது டொக்டர்." திரும்பத் திரும்பப் பெரிய மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கும் கீழே குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். விரல் நுனியும் உதடும் விறைக்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் களைத்து நோகும். நெஞ்சு இறுகும். அப்போது ஈசிஜி எடுத்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், நோவும் உண்மையாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. இதை எனக்கு ஒரு வைத்தியர் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். பத்து வருடத்துக்கு முன்பே யாராவது சித்திக்குச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அழுகை வந்தது.

இதோடு நித்திரைக் குறைவும் சேரும். நித்திரை கெட்டால் நோவைத் தாங்கும் சக்தி குறைகிறது, நோவு கூடினால் நித்திரை வராது. உடம்பு உளைவு என்று நாம் சொல்வதில் பாதி இந்த வட்டத்துக்குள் பிறப்பது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் எனக்குப் பயம் தந்தது. மனவடு உள்ளவருக்கு உண்மையான நோய்களும் கூடுதலாக வருகின்றன. அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் எடை குறைப்புக் கிளினிக் நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே இடையில் நின்றுவிடுவதைக் கண்டு காரணம் தேடப் போனார். பலரிடம் வெளியே வந்தது சிறுவயதுக் கொடுமைகள். அதிலிருந்து அவரும் ரொபர்ட் அன்டாவும் தொடங்கிய பெரிய ஆய்வின் முதல் கட்டுரை 1998இல் வந்தது, 9,508 பேரின் பதில்களோடு. சிறுவயதில் நான்கு வகை அல்லது அதற்கு மேற்பட்ட கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு, எதையும் சந்திக்காதவர்களைவிட இதய நோய் வாய்ப்பு 2.2 மடங்கு, பாரிசவாதம் 2.4 மடங்கு, நீரிழிவு 1.6 மடங்கு. புகையும் குடியும் இதில் ஒரு பங்கு, ஆனால் முழுப் பங்கும் அவையில்லை.

பரம்பரைதான் காரணமோ என்று கேட்பவர்களுக்கு வியட்நாம் போர்க்கால இரட்டையர் ஆய்வு இருக்கிறது. 281 சோடிகளைச் சுமார் 13 வருடம் கவனித்து 2013இல் வெளியிட்டார்கள். மனவடு நோய் (PTSD) இருந்தவர்களில் 22.6 சதவீதத்தினருக்கு இதய நோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதத்தினருக்கு.

ஆகவே தவறு இரண்டு பக்கமும் நடக்கலாம். மனத்தின் நோவை இதய நோவென்று நினைத்து ஊர் ஊராக ஸ்கான் எடுக்கலாம். உண்மையான நோயை "யோசனை" என்று தள்ளியும் விடலாம். சித்திக்கு இரண்டுமே நடந்தது. உள்ளங்கால் எரிகிறது என்று அவர் சொன்னதை ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் மனநோவின் கணக்கில் எழுதினார்கள். கடைசியில் வேறோர் இடத்தில் பார்த்தபோது நீரிழிவு, நரம்பைத் தொட்ட நிலையில். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி ஒன்று: உடம்பை மட்டும் பார்ப்பது

பெரும்பாலானோர் இந்த வழியில்தான் போகிறார்கள். அதில் வெட்கம் இல்லை. இலங்கையில் அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம், மற்றவர்கள் கதைக்கமாட்டார்கள். நெஞ்சு நோவுக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லலாம்.

நல்ல பக்கம்: உண்மையான நோய் பிடிபடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைரொயிட், இரத்தசோகை, ஈசிஜி, இவை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கப்பட வேண்டும். கெட்ட பக்கம்: "சரி" என்று வந்த பிறகும் அதே சோதனையை வேறு இடத்தில் திரும்பச் செய்வது. ஒவ்வொரு புதுச் சோதனையும் "ஏதோ இருக்கிறது, இவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற பயத்தைத்தான் கூட்டும். பனடோலும் வயிற்றை அரிக்கும் நோவுக் குளிசைகளும் வருடக்கணக்கில் ஓடும். எங்கள் வீட்டில் கொழும்புப் பயணத்தை நிறுத்தியது இதனால்தான். பெரியப்பாவுக்குக் கோபம். உள்ளூர்க் கிளினிக்கில் ஒரே வைத்தியரிடம் ஐந்து கொப்பியையும் கொண்டுபோய் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னோம். அந்த ஒரு நாள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வழி திறந்தது.

வழி இரண்டு: குளிசை

மனநலக் குளிசை என்றாலே எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். எல்லாக் குளிசையும் ஒன்றில்லை என்பதுதான் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது.

டயசிபாம் போன்றவை அன்றிரவே நித்திரை தரும். அதனால்தான் அவற்றை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் பழக்கமாகிவிடும், அளவு கூடும், வயதானவர் இரவில் எழும்பினால் விழுந்து எலும்பு முறியும். பெரும் அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகையைக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி சொல்கிறது. தம்பி சொன்னதை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சேர்ட்ரலின், ஃபுளுவொக்செற்றின் போன்றவை வேறு வகை, மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுபவை. வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். முதல் வாரத்தில் வயிறு குமட்டும், சிலருக்குப் பதற்றம் கூடுவதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். டயசிபாம்போல் மேலும் மேலும் கேட்க வைக்காது, ஆனால் வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனவடு நோய்க்கென்று அமெரிக்காவில் சேர்ட்ரலினுக்கு 1999இல் அனுமதி கிடைத்தது. கனவையும் பதற்றத்தையும் சோர்வையும் தணிக்கும், நினைவின் வேரைத் தொடாது. எழும்பி ஒரு தேத்தண்ணி வைக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு அந்தத் தணிவே மற்ற எல்லாவற்றுக்கும் படி. குறைந்த அளவு அமிற்றிப்ரிலினை நோவுக்கும் நித்திரைக்கும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இதய நோய் இருப்பவர்கள் அதை முதலே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

வழி மூன்றும் நான்கும்: சொல்வதா, அமைதிப்படுத்துவதா?

உண்மையான ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது. மனவடுவை ஆற்றுவதில் உலகம் முழுக்க இரண்டு பெரிய போக்குகள். நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லித் தீர்ப்பது ஒன்று. நடந்ததைத் தொடாமல், மூச்சு, தளர்வு, யோகம், ஜெபம் என்று உடம்பு வழியாக அமைதிக்குக் கொண்டுவருவது மற்றது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒன்று எங்கள் மண்ணிலேயே நடந்தது என்பதை அறிந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுனாமி வந்து மூன்று வாரத்துக்குள், வடகிழக்கு இலங்கையில் புதிதாகப் போட்ட முகாமில், மனவடு அறிகுறிகள் கடுமையாக இருந்த 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கதை சொல்லும் முறையில் ஆறு அமர்வு. மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வு. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். அந்தப் பிள்ளைகள் போரையும் கண்டவர்கள், கடலையும் கண்டவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன குழுவில் 81 சதவீதமும், தியானக் குழுவில் 71 சதவீதமும் குணமாகியிருந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்தப் பத்து சதவீதத்தை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

2009இல் வெளிவந்த இந்த ஆய்வை அளவுக்கு மீறிப் பெரிதாக்கவும் கூடாது. எதுவும் கொடுக்கப்படாத மூன்றாவது குழு இருக்கவில்லை. காலமே ஆற்றிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதிலிருந்து தெரியாது. ஆனாலும் ஒன்று உறுதிப்படுகிறது: எங்கள் பிள்ளைகளோடு, எங்கள் மொழியில், எங்கள் ஆட்களே இரண்டையும் செய்ய முடியும்.

கதை சொல்லும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்டபோதுதான் சித்தியின் முகம் மாறியது. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுதான் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து இன்றுவரை நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வோர் அமர்விலும் கயிறு நெடுகப் போய், ஒரு கல்லின் அருகே நின்று, அன்று என்ன கண்டாய், என்ன கேட்டது, உடம்பில் எங்கே நொந்தது, என்ன நினைத்தாய் என்று மெதுவாகச் சொல்லவைப்பார்கள். சிதறிக் கிடக்கும் துண்டுகளுக்கு இடமும் நாளும் கிடைக்கும். "இது அப்போது நடந்தது, இப்போது நடக்கவில்லை" என்று உடம்புக்கும் விளங்கத் தொடங்கும். எல்லாம் எழுதப்பட்டு, கடைசியில் வாசித்துக் காட்டி அவர் கையிலேயே கொடுக்கப்படும்.

உகண்டாவில் தங்கியிருந்த சூடான் அகதிகள் 43 பேரிடம் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, கதை சொன்னவர்களில் 29 சதவீதத்தினருக்கே நோய் மிஞ்சியிருந்தது. வெறும் ஆறுதல் பேச்சுப் பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்கு மிஞ்சியிருந்தது. நாட்பட்ட மனவடுவில் "கவலைப்படாதேங்கோ, எல்லாம் சரியாகும்" என்பது எவ்வளவு குறைவாக உதவுகிறது என்று பாருங்கள். மனவடுவை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும், கண்ணை இருபக்கமும் அசைக்கவைத்து நினைவைத் தொடும் சிகிச்சையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கண்ணசைவு முறையில் பயிற்சி பெற்றவர் வடக்கில் எளிதில் கிடைப்பாரா என்று நீங்களே விசாரிக்கவேண்டும்.

சொல்வது நினைவைத் தாண்டி உடம்புக்கும் உதவுமா? அமெரிக்க முன்னாள் படையினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு கட்டுரை, மனவடு அறிகுறி நன்றாகக் குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 49 சதவீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல அந்தப் பதிவுகள் போதாது, என்றாலும் கவனிக்கவேண்டிய செய்தி.

சொல்வதில் ஆபத்தும் உண்டு. பெரிய அழிவு நடந்தவுடன் யாரோ வந்து ஒரே ஓர் அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைத்துவிட்டுப் போவது மனவடு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வன்னிப் பெண்கள் எத்தனை பேருக்குத் தங்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள்! ஆணைக்குழு, நிறுவனம், பத்திரிகை, ஆராய்ச்சி மாணவர். சொல்லி முடித்ததும் அவர்கள் பைலை மூடிக்கொண்டு போனார்கள், சொன்னவள் அன்றிரவு நித்திரை இல்லாமல் கிடந்தாள். அதைச் சிகிச்சை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சொல்ல வேண்டுமென்றால் அதே ஆள் அடுத்த வாரமும் வரவேண்டும், அதற்கடுத்த வாரமும் வரவேண்டும். வீட்டில் அடிக்கும் ஒருவர் இன்னும் இருந்தால், கடன்காரர் நாளை வாசலில் நிற்பார் என்றால், முதலில் அதைக் கவனிக்கவேண்டும்.

அமைதிப்படுத்தும் வழிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தில் பழகிய ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும், மூச்சையும், யோகத் தளர்வையும் சிகிச்சையாகவே பயன்படுத்தி எழுதியிருக்கிறார். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். இதில் ஒரு பெரிய நன்மை: யாரும் "உனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லவேண்டியதில்லை. நெஞ்சு இறுக்கம் என்று வந்தவருக்கு நெஞ்சுக்கான பயிற்சி கிடைக்கிறது. செலவில்லை. பிறகு யாருடைய தயவும் இல்லாமல் வீட்டிலேயே தொடரலாம்.

யோகத்துக்குச் சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. வேறு சிகிச்சைகளுக்கு மசியாத நாட்பட்ட மனவடு உள்ள 64 பெண்களில் பாதிப் பேருக்குப் பத்து வாரம் யோகம், மற்றவர்களுக்குச் சுகாதார வகுப்பு. 2014இல் வந்த முடிவு: யோகக் குழுவில் 52 சதவீதத்தினர் நோய் எல்லைக்கு வெளியே வந்தார்கள், மற்றதில் 21 சதவீதத்தினர்.

இங்கும் கவனம் வேண்டும். பெருமூச்சு விடுபவரிடம் "ஆழமாக மூச்சை இழுங்கோ" என்று சொன்னால் தலைச்சுற்றுக் கூடும். இழுப்பதைச் சிறிதாக்கி, விடுவதை நீளமாக்கவேண்டும். சிறையிலோ முகாமிலோ வதைபட்டவரை இருட்டறையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னால் அவர் வேறோர் இடத்துக்குப் போய்விடுவார். கதவு தெரியும்படி கதிரையில் இருந்து, கண் திறந்தபடியும் செய்யலாம். இன்னொன்று: பயங்கர நினைவு பகலிலும் தானாகப் புகுந்து ஆளை இழுத்துக்கொண்டு போகிறது என்றால், அமைதிப் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம். அப்போது சொல்லும் வழிக்கு வரத்தான் வேண்டும்.

மாமி சொன்ன வழி

சடங்கைக் கடைசியில் வைத்ததால் சிறியது என்று நினைக்கவேண்டாம். சித்தப்பாவுக்கு அந்தியேட்டி நடக்கவில்லை. எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. அழுவதற்கு ஒரு முற்றம் இருக்கவில்லை. இதை எந்தக் குளிசையும் நிரப்பாது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசியில் வருகிறது. கடல்நீரில் விளக்கெரியும் கோயில் அது. போர் முடிந்த மே மாத நினைவுகளும் அதை ஒட்டியே வருகின்றன. அந்தக் கிழமைகளில் சித்தியின் நெஞ்சு இறுக்கம் கூடுவதை நாங்கள் பல வருடமாகக் கவனித்தும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த நாட்களின் நினைவாக மே மாதத்தில் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை ஒரு சிரட்டையில் வாங்கிப் பத்துப் பேரோடு நின்று குடித்த வருடம், அவர் வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதார். அன்றிரவு நித்திரை கொண்டார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு இந்த வழியும் அடைபட்டது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமல் திவசம் செய்ய முடியாது, ஒப்புக்கொள்ளவும் மனம் வராது. 2017இலிருந்து தெருவோரக் கொட்டகைகளில் இருக்கும் அந்த அம்மாமாரின் பிரஷரையும் சர்க்கரையையும் தனியே குளிசையால் இறக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு வேண்டியது பதில்.

சடங்கின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் ஆறுதல் என்றால் நல்லது. பேய் பிடித்தது என்று அடிப்பவர், பிரஷர்க் குளிசையை நிறுத்தச் சொல்பவர், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

நாங்கள் எடுத்த வரிசை

2009 நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பில் மனவடு நோய் 7 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம், பதகளிப்பு (கடும் பதற்றம்) 32.6 சதவீதம். எல்லோருக்கும் மனவடு என்று பொதுவாகச் சொல்வது தவறு என்பதை இந்த எண்கள் எனக்குக் காட்டின. உங்கள் வீட்டு ஆளுக்கு எது என்று பார்த்துத்தான் வழியும் தெரிவாகும். சோர்வு மேலோங்கி, எதிலும் விருப்பமில்லாமல் கிடப்பவருக்குக் குளிசையை முன்னுக்குக் கொண்டுவருவேன். பதற்றமும் பெருமூச்சும் என்றால் மூச்சுப் பயிற்சி. கனவிலும் நினைவிலும் பழையது திரும்பத் திரும்ப வருகிறதென்றால் சொல்லும் சிகிச்சை.

சித்திக்கு நாங்கள் செய்தது இது: ஒரே வைத்தியரிடம் ஒருமுறை முழுச் சோதனை. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் ஒழுங்கான மருந்து. இரண்டு மாதம் மூச்சும் தளர்வும், காலையில் தேவாரம் பாடி முடித்த கையோடு. வைகாசியில் பொங்கலும், சித்தப்பாவுக்கு ஒரு திவசமும். நித்திரை ஓரளவு வந்த பிறகு, அவரே "சொல்லிப் பாப்பம்" என்ற பிறகு, உளவளத்துணையாளர். சேர்ட்ரலின் பற்றி வைத்தியர் சொன்னார், சித்தி இப்போதைக்கு வேண்டாம் என்றார், அதை மதித்தோம்.

இந்த வரிசை பொருந்தாத நேரம் உண்டு. நெஞ்சு நோவு புதிதாக, வியர்வையோடு, கைக்கோ தாடைக்கோ பரவி வந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே இலங்கையில் 1990 அம்புலன்சை அழையுங்கள், தமிழ்நாட்டில் 108. வாழ வேண்டாம் என்ற கதை வாயில் வந்தால் அன்றைக்கே மனநலப் பிரிவு. தொலைபேசியில் கதைக்க இலங்கையில் 1926, இந்தியாவில் 14416.

முதல் நாள் வைத்தியரிடம் என்ன சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனோம்: எங்கே நோகிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, அந்த மாதத்தில் முன்பு என்ன நடந்தது. மூன்றாவதைச் சித்தி வாயால் சொல்லவில்லை, துண்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதுமாக இருந்தது.

இப்போது பையில் இரண்டு கொப்பிதான். முதுகு நோவு முழுதாகப் போகவில்லை. நெஞ்சு இறுக்கம் வந்தால் கதிரையில் இருந்து, மூச்சை நீளமாக விட்டு, பத்து நிமிடத்தில் எழும்பிவிடுகிறார். உளவளத்துணையாளரின் அறையில் கயிறு விரித்தாயிற்று. கலியாணத்துக்கு ஒரு பூ, மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பூ, கடலுக்கு ஒரு கல். 2009க்கு எடுத்த கல்லை இன்னும் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டே போன கிழமை திரும்பி வந்தார். அவசரமில்லை என்று அந்த உளவளத்துணைப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். அடுத்த திகதி வியாழக்கிழமை. ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போகவேண்டும்.